கம்பத்து எண் என்ன? குடியிருப்போர் சங்கம் பற்றிக் கேட்டவையும் நான் சொன்னவையும்

"சங்கம் நடத்துவதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று சொல்லித்தான் வைத்தேன். இத்தனை பேர் இத்தனை எரிச்சலோடு காத்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. 4 வருடம் பொருளாளர், அப்புறம் 11 வருடம் செயலாளர், போன வருடம்தான் கழன்றுகொண்டேன். நான் வக்கீலும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. மனு எழுதி எழுதிக் கை தேய்ந்தவள், அவ்வளவுதான். சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதற்கு உங்கள் பக்கத்து ஆளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதைப் பேசலாம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எங்கள் தெருவில் இரண்டு மாதமாக விளக்கு எரியவில்லை. ஐந்து முறை புகார் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் "சரி செய்யப்பட்டது" என்று பதில் வருகிறது. வெளியே வந்து பார்த்தால் அதே இருட்டு. பொய் சொல்கிறார்களா?

பதில்: பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். "எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை" என்றுதானே? லைன்மேன் பகலில் வருவார். பகலில் எல்லா விளக்கும் அணைந்துதான் இருக்கும், அவருக்கு எது பழுது என்று எப்படித் தெரியும்? தெருமுனைக் கம்பத்தில் ஏறி ஒரு பல்பை மாற்றிவிட்டு "முடிந்தது" என்று எழுதிக்கொண்டு போவார். அவர் கணக்கில் வேலை நடந்தது, உங்கள் கணக்கில் நடக்கவில்லை. கம்பத்தில் பெயின்டாலோ தகரத்திலோ ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை எழுதுங்கள். எண் அழிந்து போயிருந்தால் "இன்ன வீட்டு வாசலுக்கு நேரே, மரத்தை ஒட்டிய கம்பம்" என்று எழுதி ஒரு போட்டோவையும் சேருங்கள்.

அடுத்து, இருட்டு எப்படி விழுந்திருக்கிறது என்று ராத்திரி நடந்து பாருங்கள். ஒரே ஒரு கம்பம் என்றால் அந்த விளக்கு மட்டும் பழுது. தெருவின் ஒரு முனையிலிருந்து வரிசையாகப் போயிருந்தால் வரும் லைனிலோ ஃபியூஸிலோ கோளாறு. இரண்டு விட்டு ஒன்று, இரண்டு விட்டு ஒன்று என்று ஒவ்வொரு மூன்றாவது விளக்கும் அணைந்திருந்தால் மூன்று ஃபேஸில் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பல இடங்களில் விளக்குகளை மூன்று ஃபேஸுக்கும் மாற்றி மாற்றித்தான் பிரித்திருப்பார்கள். இதை மனுவில் ஒரு வரி எழுதினால் பல்போடு வருபவர் டெஸ்டரோடு வருவார். பகலில் எரியும் விளக்கையும் சொல்லுங்கள், அதுவும் சென்சாரோ டைமரோ கெட்டதற்கு அடையாளம்.

இன்னொன்று: ஆறாவது முறை புதுப் புகார் கொடுக்காதீர்கள். பழைய புகார் எண்ணைச் சொல்லி "முடிக்கப்படவில்லை" என்று மறுபடி திறக்கச் சொல்லுங்கள். புதுப் புகார் என்றால் நாள் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், உங்கள் இரண்டு மாத இருட்டு கணக்கில் வராமலே போய்விடும்.

கேள்வி: இப்போதுதான் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பேச ஆரம்பித்திருக்கிறோம். முதலில் பதிவு செய்வதா, விதிமுறை எழுதுவதா, பெயர் வைப்பதா?

பதில்: முதலில் ஒரு மாதத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு சின்ன வேலையை முடியுங்கள். உடைந்த மேன்ஹோல் மூடி, முட்புதர் மண்டிய மூலை, ஏதோ ஒன்று. எங்கள் ஆட்கள் பெயர் வைப்பதற்கே மூன்று கூட்டம் போட்டார்கள். நலச் சங்கமா, நல முன்னேற்றச் சங்கமா என்று விவாதம். நான்காவது கூட்டத்துக்கு ஐந்து பேர்தான் வந்தோம்.

பணம் வசூலிக்க ஆரம்பிக்கும்போது பதிவைப் பற்றி யோசித்தே ஆகவேண்டும். பதிவில்லாத சங்கம் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் ஆட்கள் கூட்டம்தான். வங்கிக் கணக்கு தனி ஆள் பெயரில் போகும், கான்ட்ராக்டரோடு தகராறு வந்தால் கையெழுத்துப் போட்டவர் தலையில் விடியும். விதிமுறையைச் சுருக்கமாக எழுதுங்கள். எந்தத் தெரு வரை எல்லை, யார் உறுப்பினர், எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், பொறுப்பு எத்தனை வருடம், காசோலையில் யார் யார் கையெழுத்து, இதற்கெல்லாம் பதில் இருந்தால் போதும். எல்லாரும் மறப்பது ஒன்று உண்டு: சங்கம் கலைந்தால் மிச்சப் பணம் எங்கே போகும்? சந்தோஷமாக இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

கேள்வி: மேடம், எங்கள் பொதுக்குழு என்றாலே கத்தல்தான். பார்க்கிங்கைப் பற்றி ஆரம்பித்தால் தண்ணீருக்குப் போய், போன வருடக் கணக்குக்குப் போய், கடைசியில் இரண்டு பேர் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விடுகிறது. நான் தலைவராகி மூன்று மாதம்தான் ஆகிறது.

பதில்: நீங்கள் தனியாள் இல்லை சார். அமெரிக்க ராணுவத்தில் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்று ஒரு இன்ஜினியர் இருந்தார். 1863ல் ஒரு தேவாலயத்தில் திடீரென்று அவரைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் அவர் கையை மீறிப் போய்விட்டது. அந்த அவமானத்தில்தான் கூட்டம் நடத்தும் விதிகளைத் தேடித் தேடிப் படித்து, 1876ல் தானே ஒரு தொகுப்பை வெளியிட்டார். இன்றைக்கும் உலகத்தில் எத்தனையோ சங்கங்கள் அதைத்தான் பின்பற்றுகின்றன. கோட்டை கட்டத் தெரிந்தவருக்கே கூட்டம் நடத்தத் தெரியவில்லை என்றால் நமக்கென்ன வெட்கம்.

அதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே பாதிக் கத்தல் அடங்கும். ஒரு நேரத்தில் ஒரு தீர்மானம்தான். பார்க்கிங் முடிகிற வரைக்கும் தண்ணீர் கிடையாது. யாராவது தண்ணீரை இழுத்தால், "குறித்துக்கொண்டேன், அடுத்தது அதுதான்" என்று எல்லார் கண்ணுக்கும் தெரிகிற பலகையில் எழுதுங்கள். மனிதர்களுக்குத் தங்கள் பேச்சு பதிவாயிற்று என்று தெரிந்தால் போதும், பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டாவது, பேச விரும்பும் எல்லாரும் ஒரு முறை பேசி முடிக்கும் வரை யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு இல்லை. எங்கள் கூட்டத்தில் இதைக் கொண்டுவந்த அன்றைக்கு, ஒன்பது வருடமாக வாயே திறக்காத ஒரு அம்மா எழுந்து வடிகால் எங்கே அடைக்கிறது என்று சரியாகச் சொன்னார். அவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழேதான் அடைப்பு. அதுவரை நாங்கள் யாரும் அவரைக் கேட்டதில்லை.

கேள்வி: நூறு வீட்டில் அறுபது வீடுதான் சந்தா கட்டுகிறது. மற்றவர்கள் வசதியாக எல்லாவற்றையும் அனுபவிக்கிறார்கள். பெயர்ப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமா? சிலர் குப்பை எடுப்பதை நிறுத்தச் சொல்கிறார்கள்.

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். குப்பையை நிறுத்தினால் நாற்றம் கட்டாதவர் வீட்டோடு நிற்காது, கட்டியவர் மூக்குக்கும் வரும். பட்டியல் ஒட்டினால் ஒன்றிரண்டு பேர் கட்டுவார்கள், மிச்சப் பேர் ஆயுசுக்கும் பகை.

எலினார் ஆஸ்ட்ரம் என்ற பெண்மணி, பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண், 2009ல். பாசனக் கால்வாய், மீன்பிடி இடம், மேய்ச்சல் நிலம், காடு மாதிரி பொதுச் சொத்துகளை மக்களே தலைமுறை தலைமுறையாக எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்தவர். நீடித்து நிற்கும் இடங்களில் அவர் கண்டவற்றில் மூன்று நமக்கு உதவும். விதியை அதற்கு உட்படுகிறவர்களே சேர்ந்து வைத்திருப்பார்கள். தண்டனை எடுத்த எடுப்பில் பெரிதாக இருக்காது, முதலில் லேசாக ஒரு சொல், பிறகு சின்ன அபராதம், மீண்டும் மீண்டும் செய்தால்தான் பலமாக. தகராறைத் தீர்க்க அங்கேயே, செலவில்லாமல் ஒரு வழியும் இருக்கும். ஸ்பெயினில் வலென்சியா நகரத்தில் விவசாயிகளின் தண்ணீர் நீதிமன்றம் இன்றைக்கும் வியாழக்கிழமை நடுப்பகலில் தேவாலய வாசலில் கூடுகிறது. விசாரணை முழுக்க வாய்மொழிதான், தீர்ப்பும் அங்கேயே.

அதனால் அந்த நாற்பது வீட்டுக்கும் ஒரு முறை நேரில் போங்கள். ரசீதுப் புத்தகத்தோடு போகாதீர்கள், நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். ஏன் கட்டவில்லை என்று கேட்டு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் போனபோது ஏழு பேர் "யாரும் கேட்கவே இல்லையே" என்றார்கள். நாலைந்து பேர் பழைய பொருளாளர் மேல் கோபத்தில் இருந்தார்கள். மூன்று வீட்டில் உண்மையிலேயே கஷ்டம், அவர்களுக்குச் சத்தம் போடாமல் தள்ளுபடி கொடுத்தோம். வசதி இருந்தும் ஏமாற்றுகிறவர்கள் என்று கடைசியில் மிஞ்சியது ஐந்து பேர். ஐந்து பேருக்காக ஒரு தெருவைப் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சாலை போடுகிறேன் போடுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் உயர்த்திக்கொண்டே போகிறார்கள். எங்கள் வீட்டு வாசல் இப்போது பள்ளத்தில் இருக்கிறது, மழை வந்தால் தண்ணீர் உள்ளே. சங்கம் என்ன செய்ய முடியும்? (இதே கேள்வி வேறு வேறு வார்த்தையில் ஏழு பேரிடமிருந்து.)

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் நான் தோற்றதும் இதில்தான், ஜெயித்ததும் இதில்தான்.

பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டால் ஒவ்வொரு தடவையும் 4, 5 சென்டிமீட்டர் ஏறும். மூன்று நான்கு தடவையில் அரை அடி. பழைய மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த கனத்துக்குப் புதிது போட வேண்டும். மில்லிங் என்பார்கள். இதற்கு மெஷின் வர வேண்டும், எடுத்த பொருளை அகற்ற வேண்டும், அதனால் எழுதிக் கேட்காவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். வேலை ஆரம்பித்த பிறகு ஜல்லி லாரிக்கு முன்னால் நின்று கத்தினால் "எஸ்டிமேட்டில் இல்லை" என்ற பதில்தான் வரும், அந்தப் பதில் நியாயமானதும் கூட. மதிப்பீடு போடும் நேரத்திலேயே மனு போயிருக்க வேண்டும்.

முதல் தடவை எனக்கு இது தெரியாது. உயர்த்திவிட்டுப் போனார்கள். "முன்பும் இதே மட்டம்தான்" என்று அதிகாரி சொன்னபோது காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வேலை செய்தோம். தெருவில் ஆறு இடத்தில், காம்பவுண்டுச் சுவரில், சாலை மட்டம் எங்கே தொடுகிறதோ அங்கே சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. ஸ்கேலை வைத்து ஒரு போட்டோ. அடுத்த தடவை சாலை போட வந்த மேற்பார்வையாளர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு "இது என்ன?" என்று கேட்டார். சொன்னோம். அந்தத் தடவை சுரண்டித்தான் போட்டார்கள்.

சாலையைக் கெடுப்பது வண்டி என்று நினைப்போம், தண்ணீர்தான் முதல் எதிரி. விரிசல் வழியாக உள்ளே இறங்கி அடிமண்ணை ஊற வைக்கும். மேலே சக்கரம் அமுக்கும்போதெல்லாம் அந்தச் சேறு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பிதுங்கும், உள்ளே வெற்றிடம் விழும், ஒரு நாள் மேல்தார் உட்கார்ந்துவிடும். அதுதான் பள்ளம். அதனால் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிய வேண்டும், 100க்கு 2 அல்லது 2.5 என்ற அளவில். போட்டு முடித்ததும் கான்ட்ராக்டர் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரை நடுச்சாலையில் ஊற்றிப் பாருங்கள். ஓரத்துக்கு ஓடினால் நல்லது. நடுவிலேயே குளம் கட்டினால் அங்கேயே போட்டோ எடுத்து அங்கேயே சொல்லுங்கள்.

கடைசியாக, குழாய், சாக்கடை, கேபிள் யார் யார் தோண்டப் போகிறார்கள் என்று சாலைக்கு முன்பே எல்லாத் துறைக்கும் ஒரே தேதியிட்ட கடிதம் அனுப்புங்கள். புதுச் சாலையை மூன்றாம் மாதம் தோண்டுவது எல்லா ஊரிலும் நடக்கிற கூத்து. தோண்டினால் மண்ணை மொத்தமாகக் கொட்டி மூடவிடாதீர்கள். 15, 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இடித்து இறுக்கினால்தான் பிறகு உள்வாங்காது.

கேள்வி: பிள்ளைகள் விளையாடும் தெரு. வண்டிகள் பறக்கின்றன. வேகத்தடை போடச் சொல்லிக் கேட்டால் அனுமதி இல்லை என்கிறார்கள். நாங்களே சிமென்ட் கலந்து போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. யாராவது அதில் விழுந்து எலும்பு முறிந்தால் போட்டவர்கள் தலையில்தான் விழும்.

அப்புறம், நீங்கள் போடப்போவது அநேகமாகக் குறுகலான, செங்குத்தான மேடாக இருக்கும். மெதுவாகப் போகிறவர் முதுகை உடைக்கும், வேகமாகப் போகிறவருக்கு ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும். 1953லேயே ஒருவர் இதில் மூளையைச் செலவழித்தார், ஆர்தர் காம்ப்டன், 1927ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். பல்கலைக்கழக வளாகத்தில் வண்டிகள் பறப்பதைப் பார்த்து எரிச்சலாகி வேகத்தடையை வடிவமைத்தார். பிற்பாடு 1970களில் பிரிட்டனில் சோதித்துக் கண்ட வடிவம் 3.7 மீட்டர் நீளம், 7.5 முதல் 10 சென்டிமீட்டர் உயரம். நீளமாக, மெதுவாக ஏறி இறங்குவது. ஒரு காரே அதன் மேல் நிற்கலாம் போல இருக்கும், அதுதான் வேலை செய்யும்.

வேகத்தடைதான் ஒரே வழியும் இல்லை. ஆம்புலன்ஸையும் தீயணைப்பு வண்டியையும் அது தாமதப்படுத்தும் என்பதை மறக்கக் கூடாது. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்தில் 1960களின் கடைசியில் தெருவைக் கொஞ்சம் வளைத்து, மரமும் பெஞ்சும் போட்டு, நேர்கோட்டை உடைத்தார்கள். நேரே தூரம் தெரியாவிட்டால் ஓட்டுகிறவர் கால் தானாக பிரேக்குக்குப் போகும். 1976ல் அங்கே அதற்குச் சட்ட அங்கீகாரமே வந்தது. உங்கள் மனுவில் "பறக்கின்றன" என்று எழுதாதீர்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே தூரத்தை அளந்து, ஸ்டாப்வாட்ச்சில் ஐம்பது வண்டிக்கு நேரம் குறித்துக் கணக்குப் போட்டுக் கொடுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டியை விட 50ல் வருகிற வண்டி பிரேக் பிடித்தபின் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தூரம் ஓடி நிற்கும். அந்த ஒரு வரியை அடியில் சேருங்கள்.

கேள்வி: கொசு மருந்துப் புகை அடிக்க வாரம் ஒரு முறை வண்டி வரவழைக்கச் சொல்லி உறுப்பினர்கள் நெருக்குகிறார்கள்.

பதில்: புகை அடித்தால் ஏதோ நடந்த மாதிரி இருக்கும், அதனால்தான் எல்லாருக்கும் பிடிக்கிறது. பறக்கிற கொசு மட்டும் சாகும். தண்ணீரில் இருக்கும் புழு சாகாது, நாலு நாளில் அடுத்த கூட்டம் தயார். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அது சாக்கடையைத் தேடிப் போகாது, வீட்டைச் சுற்றித் தேங்கும் சுத்தமான தண்ணீரில்தான் பெருகும். முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள். அதனால் வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், தெரு முழுக்க எல்லா வீட்டிலும் பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மொட்டைமாடி வாளி எல்லாவற்றையும் கவிழ்த்தால் சுழற்சி உடையும். கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். எங்கள் தெருவில் நிறையப் புழு கிடைத்த இடம் எது தெரியுமா? அப்போதைய தலைவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு.

கேள்வி: வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு ஓட்டு உண்டா? சொந்த வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: கொடுங்கள். தெருவில் தூங்கி எழுந்து அதே இருட்டில் நடக்கிறவர் அவர்தான். வீட்டுச் சொந்தக்காரர் பாதிப் பேர் வேறெங்கோ இருந்துகொண்டு கூட்டத்துக்கும் வராமல் ஓட்டு மட்டும் கேட்பார். சொத்து சம்பந்தப்பட்ட பெரிய செலவுக்கு மட்டும் உரிமையாளர் ஒப்புதல் என்று விதியில் எழுதிவிட்டால் இரண்டு தரப்பும் அடங்கிவிடும்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் இருநூறு செய்தி. காலை வணக்கப் படம், அரசியல், யார் நாய் என்ற சண்டை. நேற்று மேன்ஹோல் திறந்து கிடக்கிறது என்று ஒருவர் போட்டதை யாருமே பார்க்கவில்லை.

பதில்: இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று அறிவிப்புக்கு மட்டும், நிர்வாகிகள் மட்டும் எழுதுவது. இன்னொன்று சும்மா பேச, அதில் நீங்கள் இருக்கவே தேவையில்லை. அவசரத்துக்குத் தொலைபேசிதான், குழுவில் போட்டதைச் "சொல்லிவிட்டேன்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முக்கியமாக, குழுவில் முடிவு எடுக்காதீர்கள். பன்னிரண்டு பேர் கட்டைவிரல் காட்டியது தீர்மானம் ஆகாது, அதை நம்பிப் பணம் செலவழித்த ஒரு பொருளாளர் கைப்பணத்தை இழந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒன்பது வருடமாக ஒரே தலைவர். நல்ல மனிதர்தான், ஓடி ஓடி வேலை செய்கிறார். ஆனால் கணக்கு கேட்டால் "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுருங்குகிறார். எப்படிக் கேட்பது?

பதில்: ரொம்ப நல்லவர்களிடம்தான் இந்தச் சிக்கல் வருகிறது. திருடனிடம் கணக்குக் கேட்பது சுலபம். நீங்கள் அவரைக் கேட்காதீர்கள், பழக்கத்தை மாற்றுங்கள். "இனி ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வரவு, செலவு, இருப்பு மூன்றும் ஒரே தாளில் அறிவிப்புப் பலகையில்" என்று பொதுவாக ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து, இரண்டும் ஒரே குடும்பத்தில் இருக்கக் கூடாது. வருடக் கணக்கைப் பார்க்கிறவர் செயற்குழுவில் இல்லாத ஆளாக இருக்கட்டும். பொருளாளராக இருந்தபோது நான் வங்கிப் புத்தகத்தின் நகலையே ஒட்டிவிடுவேன், அதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒரே பதவி இல்லை என்றும் சேர்த்துவிடுங்கள், ஆனால் அடுத்த தேர்தலிலிருந்து. இன்றைக்கே என்றால் அவரைத் துரத்துவது போல ஆகும், அவருக்கு அது நியாயமில்லை.

கேள்வி: பள்ளி விடும் நேரத்தில் மட்டும் ஒரு தெருவை வண்டிகளுக்கு மூடக் கேட்கிறோம். கடைக்காரர்கள் வியாபாரம் போய்விடும் என்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் நெரிசல் எல்லாம் தங்கள் பக்கம் வரும் என்கிறார்கள்.

பதில்: நிரந்தரமாக மூடக் கேட்காதீர்கள். நான்கு வாரச் சோதனை கேளுங்கள். நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவுக்குள் வண்டி போய்க்கொண்டிருந்தது, அதை இன்னும் பெரிய சாலையாக்க ராபர்ட் மோசஸ் என்ற நகர அதிகாரி திட்டம் வைத்திருந்தார். அவர் நினைத்தால் அந்த நகரத்தில் நடக்காதது குறைவு. 1952ல் ஷெர்லி ஹேஸ் என்ற நான்கு பையன்களின் தாய் எதிர்த்துக் குழு சேர்த்தார், நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸும் பிறகு சேர்ந்துகொண்டார். 1958ல் சோதனைக்காக மூடினார்கள். சுற்றுத் தெருக்கள் திணறும் என்ற பயம் பலிக்கவில்லை, அப்புறம் அது நிரந்தரமாகவே மூடப்பட்டது. வாதத்தால் ஜெயிக்க முடியாத இடத்தில் நான்கு வாரம் ஜெயிக்கும். தோற்றால் தோற்றதாக ஒத்துக்கொள்ளுங்கள், அந்த நேர்மையே அடுத்த தடவைக்கு உதவும்.

பக்கத்துத் தெருவில் மூடுவதற்கு முன்னும் பின்னும் கால் மணி நேரம் வண்டிகளை எண்ணுங்கள், எண்ணும்போது அந்தத் தெரு ஆள் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கடைக்காரர்களுக்குச் சரக்கு இறக்கும் நேரத்தை விட்டுக்கொடுங்கள், அவர்களுடைய பாதிக் கவலை அதுதான். வண்டியில் வரும் வாடிக்கையாளர்களைக் கடைக்காரர்கள் இருப்பதை விட அதிகமாகவே மதிப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்த ஊர்களில் தெரிந்திருக்கிறது. அதை அவர்களிடம் வாதமாகச் சொல்லாதீர்கள், எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: வரி கட்டுகிறோம். பிறகு எதற்குச் சங்கம், சந்தா, மனு? அவர்கள் வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்?

பதில்: செய்ய வேண்டாம், செய்ய வையுங்கள். இந்த வித்தியாசத்தை நானும் தாமதமாகத்தான் கற்றேன். நடுவில் சில வருடம் நாங்களே ஆள் வைத்து வடிகால் தூர்வாரினோம். விளைவு என்ன ஆயிற்று தெரியுமா? "அந்தத் தெருவில் சங்கமே பார்த்துக்கொள்கிறது" என்று பட்டியலிலிருந்து எங்களை எடுத்தேவிட்டார்கள். மறுபடி சேர்க்க ஒன்றரை வருடம் ஆயிற்று. (தூர்வாருகிறவர்கள் சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால் அன்றைக்கே அள்ளச் சொல்லுங்கள். அடுத்த மழையில் அது அப்படியே உள்ளே போகும், இதை நான் எண்ணற்ற தடவை பார்த்தாயிற்று.)

வரிப்பணம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் இடத்தில் உட்காருவதுதான் நம் வேலை. பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989ல் பகுதிவாரியாக மக்களைக் கூட்டி, பட்ஜெட்டில் எதற்கு முன்னுரிமை என்று அவர்களையே முடிவு செய்ய வைத்தது. பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. உங்கள் உள்ளாட்சியில் பட்ஜெட் எந்த மாதம் தயாராகிறது என்று கண்டுபிடியுங்கள், அதற்கு இரண்டு மாதம் முன்னால் உங்கள் பட்டியல் மேசையில் இருக்கட்டும். பட்டியலில் மூன்று வேலைக்கு மேல் வேண்டாம். முப்பது எழுதினால் அவர்களுக்கு எது சுலபமோ அதை எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: தெரு முழுக்க கேமரா வைக்கலாமா?

பதில்: வையுங்கள், ஆனால் காட்சியை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிய வேண்டும் என்று முதலில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யார் வீட்டு ஜன்னலும் படத்தில் விழக் கூடாது. வருடா வருடம் பராமரிக்கப் பணம் இல்லை என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல விளக்குப் போடுங்கள். செத்த கேமராவை விட எரிகிற விளக்கு மேல்.

கேள்வி: அம்மா, ஏழு வருடமாகச் செயலாளர். யாரும் முன்வர மாட்டேன் என்கிறார்கள். விட்டால் சங்கமே படுத்துவிடும் என்று பயம், விடாவிட்டால் நான் படுத்துவிடுவேன்.

பதில்: தேதி சொல்லுங்கள். "சீக்கிரம் விலகுவேன்" என்றால் யாருக்கும் காதில் விழாது. "இன்ன மாதம் இன்ன தேதியோடு முடிகிறது" என்று மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். அப்புறம் பதவியை அப்படியே மொத்தமாக ஒருவர் தலையில் ஏற்றப் பார்க்காதீர்கள். நீங்கள் ஏழு வருடத்தில் சேர்த்துக்கொண்ட வேலைகளைப் பார்த்துத்தான் எல்லாரும் ஓடுகிறார்கள். விளக்கு ஒருவருக்கு, வடிகால் ஒருவருக்கு, கடிதப் போக்குவரத்து ஒருவருக்கு என்று உடைத்துக் கொடுத்தால் எடுக்க ஆள் வரும். எங்கள் தெருவில் விளக்கை எடுத்துக்கொண்டது பதினேழு வயதுப் பெண். எல்லாக் கம்பத்து எண்ணையும் வரைபடத்தில் குறித்துக் கொடுத்தாள், அதை நான் 11 வருடத்தில் செய்யவில்லை.

ஒப்படைக்கும்போது உட்கார்ந்து ஒரு சாயங்காலம் செலவழியுங்கள். ஒப்புகைச் சீட்டுகள் வருட வாரியாக, நிலுவையில் உள்ள மனுக்கள் தனியாக, எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் வேலை நடக்கும் என்பது ஒரு தாளில், வங்கியில் கையெழுத்து மாற்றம், மின்னஞ்சல் கடவுச்சொல், சாவிகள். சாவிக்கு அட்டை கட்டி எதற்கு எது என்று எழுதுங்கள். நான் கொடுத்த கொத்தில் ஒரு சாவி எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை என்று புதுச் செயலாளர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். அது எதற்கென்று எனக்கும் தெரியவில்லை, மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன்.